ஒவ்வொரு குழந்தைக்கும் ஒரு திட்டம்: சிறப்புக் கல்வியில் பெற்றோரின் பங்கு

(ஆலயத் திருவிழாவையொட்டி நடைபெற்ற பெற்றோர் அரங்கில் நிகழ்த்தப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)

    

திருவிழா நாளன்று ஆலய வீதியில் திரண்டு வரும் அடியார்களைக் கண்டவர்கள் ஓர் உண்மையை அறிவர். ஒருவர் தோளில் காவடி. இன்னொருவர் தலையில் பால்குடம். ஐந்து வயதுக் குழந்தையின் கையில் ஒரு சிறு சொம்பு. நடக்கவியலாத மூதாட்டியோ பந்தலின் ஓரத்தில் அமர்ந்து கைகூப்புகின்றார். சொம்பு ஏந்தியதால் அக்குழந்தையின் பக்தி குறைந்துவிட்டது என்று எவரும் உரைப்பதில்லை. அவரவர் வயதிற்கும் உடல் வலிவிற்கும் ஏற்ற நேர்த்தியே முறையென்று ஆலயம் ஏற்றுக்கொள்கின்றது. ஆனால், அதே குழந்தை பள்ளிக்குச் செல்லும்போது மட்டும், அண்டை வீட்டுக் குழந்தை சுமக்கும் அதே சுமையை, அதே வேகத்தில் சுமந்தாக வேண்டுமென்று குடும்பமும் ஊரும் எதிர்பார்க்கின்றன. சுமக்க இயலாதபோது "சோம்பேறி", "அறிவில்லாதவன்" என்னும் சொற்கள் எளிதில் பிறந்துவிடுகின்றன.

இந்நிலையை மாற்றுவதற்காக எழுந்ததே தனிநபர் கல்வித் திட்டம். மலேசியப் பள்ளிகளில் இது "ரஞ்சாங்கான் பெண்டிடிக்கான் இண்டிவிடு" என்றும், சுருக்கமாக ஆர்.பி.ஐ. என்றும் வழங்கப்படுகின்றது. சிறப்புக் கல்வி பெறும் ஒரு மாணவருக்கென்றே, அவரது நிறைகுறைகளை ஆராய்ந்து, அவர் எதை, எவ்வாறு, எவ்வளவு காலத்தில் கற்க வேண்டும் என்பதை வரையறுத்து எழுதப்படும் ஆவணம் இது. இதில் பெற்றோரும் கையொப்பமிடுகின்றனர். அந்தக் கையொப்பம் வெறும் சடங்காக முடிந்துவிடுமா, அல்லது ஒரு குழந்தையின் எதிர்காலத்தைத் திருத்தி அமைக்குமா என்பதே இவ்வுரையின் பொருளாகும்.

கடந்து வந்த பாதை

உடற்குறையும் அறிவுக்குறையும் உடைய பிள்ளைகளுக்குக் கல்வி என்பது இந்நாட்டில் முதலில் அறப்பணியாகவே தோன்றியது. பார்வையற்ற பிள்ளைகளுக்காக 1926ஆம் ஆண்டில் மலாக்காவில் தொடங்கப்பெற்ற செயின்ட் நிக்கலஸ் இல்லம் பின்னர் பினாங்கிற்கு இடம் பெயர்ந்தது. செவிப்புலன் அற்ற பிள்ளைகளுக்கான கூட்டரசுப் பள்ளி 1954ஆம் ஆண்டில் பினாங்கில் தொடங்கியது. மெதுவாகக் கற்கும் பிள்ளைகளுக்கும், ஆட்டிசம், டவுன் சின்ட்ரோம், டிஸ்லெக்சியா முதலிய நிலைகளையுடைய பிள்ளைகளுக்கும் வழி திறந்தது நெடுங்காலம் சென்ற பின்னரே.

1996ஆம் ஆண்டின் கல்விச் சட்டம் சிறப்புக் கல்விக்குச் சட்டத்தில் இடமளித்தது. 2008ஆம் ஆண்டின் மாற்றுத் திறனாளிகள் சட்டம், உடற்குறையைக் காரணங்காட்டி எவரையும் பொதுக் கல்வி முறையிலிருந்து ஒதுக்கலாகாது என்று கூறிற்று. 2013ஆம் ஆண்டில் வெளிவந்த சிறப்புக் கல்வி ஒழுங்குமுறைகள், மாணவரின் தேவைக்கேற்பக் கற்பிக்கும் முறையையும், நேரத்தையும், பாடங்களையும், துணைக்கருவிகளையும் ஆசிரியர் மாற்றியமைக்க இடந்தந்தன. சிறப்புத் தேவையுடைய எந்தக் குழந்தையையும் பள்ளி திருப்பி அனுப்பலாகாது என்னும் கொள்கை 2019ஆம் ஆண்டில் நடைமுறைக்கு வந்தது. ஆகவே, "உங்கள் பிள்ளைக்கு இங்கு இடமில்லை" என்னும் சொல்லைக் கேட்டுத் தலைகுனிந்து வீடு திரும்ப வேண்டிய காலம் கடந்துவிட்டது என்பதைப் பெற்றோர் உறுதியாக அறிதல் வேண்டும்.

முதற்படி: ஐயத்தை மறைக்காதிருத்தல்

திட்டம் எழுதப்படுவதற்கு முன் குழந்தையின் நிலை அறியப்பட வேண்டும். அரசாங்கச் சுகாதார நிலையங்களில் 18 மாதக் குழந்தைகளுக்கு ஆட்டிசத்தின் அறிகுறிகள் உள்ளனவா என்று வினாத்தாள் வழியாகச் சோதிக்கின்றனர். பெயர் சொல்லி அழைத்தால் திரும்பிப் பார்க்கின்றதா, விரும்பிய பொருளை விரலால் சுட்டிக் காட்டுகின்றதா என்பன போன்ற எளிய வினாக்களே அவை. "எல்லாம் சரியாகத்தான் இருக்கின்றது" என்று விரைந்து விடையளித்துவிட்டு வெளியேறும் தாய்மார் பலர். "அவன் அப்பாவும் நான்கு வயதில்தான் பேசினார்" என்று ஆறுதல் கூறும் பாட்டிமாரும் பலர். அன்பினால் பிறந்த ஆறுதலே அது. எனினும் அந்த ஆறுதலில் இரண்டு மூன்று ஆண்டுகள் கழிந்துவிடுகின்றன.

இறைவனிடம் வேண்டுதல் வைப்பதில் குற்றமில்லை. வேண்டுதலோடு மருத்துவரையும் நாடுவதே அறிவுடைமை. முன்வினைப் பயன் என்று கூறிக் குழந்தையை அறைக்குள் வைத்து வளர்ப்பதும், மூத்த மகளின் திருமணப் பேச்சு முடியும் வரை இளைய மகனை உறவினர் கண்ணில் படாமல் மறைப்பதும் குழந்தைக்குச் செய்யும் அநீதியாகும்.

மருத்துவர், பார்வை வல்லுநர், செவித்திறன் வல்லுநர், உளவியலாளர் ஆகியோருள் உரியவர் சான்றளித்த பின்னரே ஒரு குழந்தை சிறப்புக் கல்வி மாணவராகப் பதிவு பெற முடியும். சமூகநல இலாகா வழங்கும் ஓ.கே.யு. அட்டை இதனின் வேறானது. செவி, பார்வை, பேச்சு, உடல், கற்றல், மனநலம், பல்வகைக் குறை என ஏழு பிரிவுகளில் அவ்வட்டை வழங்கப்படுகின்றது. அதற்குப் பதிவு செய்துகொள்வது பெற்றோரின் விருப்பத்தைப் பொறுத்தது. அட்டை பெற்றால் குழந்தையின் நெற்றியில் முத்திரை குத்தியதாகிவிடும் என்று அஞ்சுவோர் உண்டு. அட்டை என்பது உதவிகளைப் பெறுவதற்குரிய ஒரு சாவியே. குழந்தையின் மதிப்பை அது கூட்டுவதுமில்லை, குறைப்பதுமில்லை.

பள்ளியில் இடம் பெறுவதற்கான விண்ணப்பம் மாவட்டக் கல்வி இலாகாவின் வழியே செல்லும். இடங்கள் மூவகைப்படும். பார்வை, செவிப்புலன் குறையுடையோர்க்கான தனிச் சிறப்புப் பள்ளிகள் முதல்வகை. சாதாரணப் பள்ளியிலேயே சிறப்பு வகுப்புகளை நடத்தும் பி.பி.கே.ஐ. என்னும் ஒருங்கிணைப்புத் திட்டம் இரண்டாவது. மற்ற மாணவர்களோடு ஒரே வகுப்பில் அமர்ந்து கற்கும் உள்ளடக்கக் கல்வி மூன்றாவது. மாணவரை 3 மாதம் வரை கண்காணித்து, அவ்விடம் பொருத்தமானதா என்று பார்ப்பதற்கு 2013ஆம் ஆண்டின் ஒழுங்குமுறைகள் வகை செய்கின்றன. அந்த 3 மாதங்களைத் தேர்வுக் காலமென எண்ணி அஞ்சாமல், ஆசிரியரோடு பழகும் காலமாகப் பெற்றோர் பயன்படுத்திக்கொள்ள வேண்டும்.

திட்டத்தில் என்ன இருக்க வேண்டும்?

ஆர்.பி.ஐ. படிவத்தின் அமைப்பு பள்ளிக்குப் பள்ளி சிறிது வேறுபடலாம். ஆயினும் அதன் உறுப்புகள் பொதுவானவை. குழந்தை இப்பொழுது எந்நிலையில் உள்ளது, அதன் வலிமைகள் யாவை, குறைகள் யாவை, நீண்டகால நோக்கம் எது, அதனை அடைவதற்கான குறுகியகால இலக்குகள் யாவை, எம்முறையில், எத்துணைக்கருவி கொண்டு கற்பிக்கப்படும், யார் பொறுப்பு, எப்பொழுது மதிப்பீடு செய்யப்படும் என்பவையே அவை.

இவற்றுள் பெற்றோர் கூர்ந்து நோக்க வேண்டியது குறுகியகால இலக்கு. எடுத்துக்காட்டாக, எட்டு வயதுச் சிறுவன் ஒருவனின் திட்டத்தில் "வாசிப்பில் முன்னேற்றம் காண வேண்டும்" என்று மட்டும் எழுதப்பட்டிருப்பதாகக் கொள்ளலாம். கேட்பதற்கு இனிய சொற்றொடர்தான். ஆனால் ஆறு மாதம் கழித்து அவன் முன்னேறினானா இல்லையா என்று யாரால் சொல்ல முடியும்? அதே இலக்கை, "ஜூன் மாத இறுதிக்குள், படத்துடன் கூடிய 20 சொற்களுள் 16 சொற்களைப் பிறர் துணையின்றி வாசிப்பான், வகுப்பாசிரியர் வாரம் ஒருமுறை குறித்து வைப்பார்" என்று எழுதினால் நிலைமையே மாறிவிடும். என்ன செய்வான், எத்தனை செய்வான், எப்பொழுதுக்குள் செய்வான், யார் பார்த்துக் குறிப்பார் என்னும் நான்கு வினாக்களுக்கும் அதில் விடை உண்டு.

தன்னைத் தானே பேணிக்கொள்ளும் திறனுக்கும் இதே அளவுகோல் பொருந்தும். "சுயமாக உடுத்தக் கற்றல்" என்பது பொதுப்படையானது. "பள்ளிச் சட்டையின் ஐந்து பொத்தான்களுள் மூன்றைத் தானே போடுவான்" என்பது கண்ணால் காணத்தக்கது. மூன்று பொத்தான்கள் பிறர்க்கு அற்பமாகத் தோன்றலாம். நாள்தோறும் காலையில் அச்சட்டையை மாட்டிவிடும் தாய்க்கு அவற்றின் விலை தெரியும்.

இலக்குகள் மிகப் பலவாக இருப்பதும் நன்றன்று. பதினைந்து இலக்குகளை எழுதி ஒன்றையும் எட்டாதிருப்பதைவிட, மூன்று நான்கை எழுதி அவற்றை எட்டி, அடுத்த படிக்கு ஏறுவதே சிறப்பு.

கூட்டத்திற்குச் செல்லும் பெற்றோர்க்குச் சில குறிப்புகள்

திட்டத்தைப் பற்றிப் பேசப் பள்ளி அழைக்கும்போது, தாய் ஒருவரை மட்டும் அனுப்பிவிட்டுத் தந்தை வேலைக்குச் சென்றுவிடும் வழக்கம் பெருமளவில் உள்ளது. அரைநாள் விடுப்பு எடுத்தாயினும் இருவரும் செல்வது நலம். அங்குக் கேட்பதை வீட்டில் மீண்டும் விளக்கும் சுமை தாயின் தலையில் மட்டும் விழாது. பாட்டனார் பாட்டியார் எழுப்பும் வினாக்களுக்கு இருவரும் ஒரே விடையைக் கூறவும் இயலும்.

வெறுங்கையோடு செல்லலாகாது. மருத்துவ அறிக்கைகளின் நகல்கள், பேச்சுப் பயிற்சி, உடலியக்கப் பயிற்சி முதலியவற்றின் குறிப்புகள், முந்தைய ஆண்டின் திட்டம் ஆகியவற்றை ஒரே கோப்பில் அடுக்கி எடுத்துச் செல்ல வேண்டும். அதனினும் மதிப்பு மிக்கது ஒரு சாதாரணப் பயிற்சிப் புத்தகம். குழந்தை எதைக் கண்டால் மகிழ்கின்றது, எந்த ஓசைக்கு அஞ்சுகின்றது, எந்த உணவை மறுக்கின்றது, கழிவறைக்குச் செல்ல வேண்டுமென்பதை எவ்வாறு உணர்த்துகின்றது, எந்த வேளையில் சோர்வடைகின்றது என்பனவற்றை இரண்டு வாரங்கள் அதில் எழுதி வைத்தால், எந்த வல்லுநரின் அறிக்கையிலும் இல்லாத செய்திகள் ஆசிரியர்க்குக் கிடைக்கும். குழந்தையோடு 24 மணி நேரமும் வாழ்பவர் பெற்றோரே. அவ்வகையில் அவர்களும் வல்லுநர்களே.

அடுத்தது மொழி. திட்டம் பெரும்பாலும் மலாய் மொழியில் எழுதப்படுகின்றது. புரியாத நிலையிலும், "ஆசிரியர் எழுதினால் சரியாகத்தான் இருக்கும்" என்று கையொப்பமிட்டுவிட்டு வரும் பெற்றோர் உளர். ஆசிரியர்பால் கொண்ட மரியாதையே அதற்குக் காரணம். ஆயினும், "செக்கு, இதைச் சற்று விளக்கிச் சொல்லுங்கள்" என்று கேட்பது மரியாதைக் குறைவாகாது. மலாய் நன்கறிந்த உறவினர் ஒருவரை உடனழைத்துச் செல்லலாம். வீட்டிற்கு எடுத்துச் சென்று படித்துவிட்டு மறுநாள் கையொப்பமிட்டுத் தருவதாகப் பணிவோடு கூறலாம். கையொப்பமிட்ட திட்டத்தின் நகல் ஒன்றைக் கேட்டுப் பெறுதலும், அடுத்த மதிப்பீட்டு நாளைக் குறித்துக்கொண்டு வருதலும் மறக்கக் கூடாதவை.

கருத்து வேறுபாடு எழுந்தால் என்ன செய்வது? அமெரிக்க நாட்டில் 1975ஆம் ஆண்டின் சட்டம் இத்தகைய திட்டத்தைக் கட்டாயமாக்கியதோடு, பெற்றோர் முறையீடு செய்து விசாரணை கோரும் உரிமையையும் வழங்கியது. மலேசியாவில் வழி வேறு. இங்கு முதலில் வகுப்பாசிரியரிடமும், பின்னர்ச் சிறப்புக் கல்விப் பொறுப்பாசிரியரிடமும், தலைமையாசிரியரிடமும் பேச வேண்டும். அங்குத் தீர்வு கிட்டாவிடின் மாவட்டக் கல்வி இலாகாவிற்கும், அதன்பின் மாநிலக் கல்வி இலாகாவிற்கும் எழுதலாம். வாய்ச்சொல்லைவிட எழுத்தே நிற்கும். நாளிட்டு, சுருக்கமாக, சினமின்றி எழுதப்பட்ட ஒரு கடிதம், ஆசிரியர் அறையில் எழுப்பும் கூச்சலைவிட வலிமை மிக்கது. பல குழந்தைகளை ஒருசேரக் கவனிக்கும் ஆசிரியரின் சுமையையும் பெற்றோர் உணர்தல் வேண்டும். அவரை எதிராளியாகக் கருதினால் இழப்பு குழந்தைக்கே.

தாய்மொழி பற்றிய ஓர் எச்சரிக்கை

தமிழ்க் குடும்பங்களுக்கே உரிய சிக்கல் ஒன்று உண்டு. தமிழ்ப்பள்ளிகளுள் சிலவற்றில் மட்டுமே சிறப்புக் கல்வி வகுப்புகள் உள்ளன. அருகில் அத்தகைய பள்ளி இல்லாதபோது, வீட்டில் தமிழ் மட்டுமே கேட்டு வளர்ந்த குழந்தை, மலாய் மொழியில் நடைபெறும் தேசியப் பள்ளியின் சிறப்பு வகுப்பிற்குச் செல்கின்றது. ஆசிரியர் "உட்கார்" என்று மலாயில் கூறும்போது குழந்தை உட்காராவிடின், அது கட்டளையைப் பின்பற்றும் திறன் இல்லாமையா, அன்றி மொழி அறியாமையா? வேறுபாட்டை அறியாமல் எழுதப்படும் திட்டம் தொடக்கத்திலேயே தடம் புரண்டுவிடும்.

ஆகவே, வீட்டில் பேசப்படும் மொழி தமிழ் என்பதும், குழந்தை அறிந்த சொற்கள் இவையிவை என்பதும் திட்டத்தில் எழுதப்பட வேண்டுமெனப் பெற்றோர் கேட்டுக்கொள்ள வேண்டும். "தண்ணீர்", "வலிக்கிறது", "போதும்", "வேண்டாம்", "கழிவறை" என்பன போன்ற இன்றியமையாத இருபது தமிழ்ச் சொற்களை மலாய்ப் பொருளோடு ஒரு தாளில் எழுதி வகுப்பாசிரியரிடம் கொடுப்பது சிறு செயலே. ஆனால் தன் வலியைச் சொல்லத் தெரியாமல் அழும் குழந்தைக்கு அது பெருந்துணை.

இரு மொழிகள் குழந்தையைக் குழப்பிவிடும் என்றெண்ணித் தமிழை அடியோடு கைவிடுகின்ற குடும்பங்களும் உள்ளன. டவுன் சின்ட்ரோம், ஆட்டிசம் உடைய குழந்தைகளிடம் செய்யப்பெற்ற ஆய்வுகள், இருமொழிச் சூழல் அவர்களது மொழி வளர்ச்சிக்குத் தீங்கு செய்வதாகக் காட்டவில்லை. பாட்டியும் அத்தையும் பேசும் மொழியை இழந்த குழந்தை, தன் வீட்டிலேயே அயலாராகிவிடும்.

வீடும் சமூகமும்

திட்டம் பள்ளிக் கோப்பிற்குள் உறங்கினால் பயன் இல்லை. வகுப்பில் எண்ணக் கற்கும் குழந்தை, வீட்டில் பூசைத் தட்டில் வைக்கும் வாழைப்பழங்களை எண்ணலாம். விளக்கிற்கு இடும் திரிகளை எண்ணலாம். நிறங்களைக் கற்கும் குழந்தை, சரம் தொடுக்கும்போது மலர்களைப் பிரித்து வைக்கலாம். ஒரு வாரத்திற்கு ஓர் இலக்கு போதும். "அடியாத மாடு படியாது" என்னும் பழமொழி இக்குழந்தைகளிடம் சிறிதும் செல்லாது. அடியினால் அச்சம் வளரும், கல்வி வளராது. செய்த சிறு செயலை உடனே பாராட்டுவதே படிப்பிக்கும் வழி.

உடன்பிறந்தோரையும் மறத்தலாகாது. தம்பிக்கே எல்லாக் கவனமும் செல்வதைக் கண்டு வாய்திறவாமல் விலகி நிற்கும் அக்காளின் மனத்திலும் ஏக்கம் உண்டு. அவளுக்கென்று நாள்தோறும் சிறிது நேரம் ஒதுக்குவது பெற்றோரின் கடமை.

வளர வளரத் திட்டமும் வளர வேண்டும். உயர்நிலைப் பள்ளி வயதில், எழுத்துக் கல்வியோடு தொழிற்பயிற்சியும் அதில் இடம்பெற வேண்டும். ஷா ஆலாமிலும், ஜொகூரின் இண்டாபுராவிலும், கெடாவின் மெர்போக்கிலும் சிறப்புக் கல்விக்கான தொழிற்கல்விப் பள்ளிகள் உள்ளன. பள்ளிக்குச் செல்லும் நிலையில் இல்லாதவர்களுக்கும், பள்ளி வயதைக் கடந்தவர்களுக்கும் சமூகநல இலாகாவின் கீழ் இயங்கும் பி.டி.கே. மறுவாழ்வு மையங்கள் பல ஊர்களில் செயல்படுகின்றன. "எங்களுக்குப் பின் இவனை யார் பார்ப்பார்?" என்னும் கேள்வியே இப்பெற்றோரின் உறக்கத்தைக் கெடுப்பது. தன் பணத்தை எண்ணவும், தனியே பேருந்தில் ஏறி இறங்கவும், எளிய உணவைச் சமைக்கவும் கற்பிக்கும் ஒவ்வோர் இலக்கும் அக்கேள்விக்குரிய விடையின் ஒரு பகுதியே.

ஆலயமும் இதில் துணை நிற்கலாம். உறுமியின் ஓசையையும் கூட்டத்தின் நெருக்கத்தையும் தாங்க இயலாத குழந்தைகள் உண்டு. அவர்கள் கூச்சலிடும்போது, "பிள்ளையை வளர்க்கத் தெரியவில்லை" என்று திரும்பிப் பார்த்து முணுமுணுக்காதிருப்பதே முதல் தொண்டு. கூட்டம் குறைந்த வேளையொன்றை அவர்களின் தரிசனத்திற்கென ஒதுக்குவதும், படிவங்களை நிரப்பவும் மலாய்க் கடிதங்களைப் படித்து விளக்கவும் கல்வியறிவு பெற்ற இளைஞர்கள் மாதம் ஒருமுறை ஆலய மண்டபத்தில் அமர்வதும் பெருஞ்செலவில்லாத பணிகள். அங்கே ஒரே நிலையிலுள்ள பெற்றோர் ஒருவரையொருவர் சந்திப்பர். "எங்கள் வீட்டில் மட்டுமன்று" என்று அறியும் அந்தக் கணமே பலருக்குப் பாதி பாரத்தை இறக்கிவிடும்.

பெருமக்களே! இவ்வரங்கில் அமர்ந்திருக்கும் எவரேனும் தம் இல்லத்துக் குழந்தையைப் பற்றி ஐயம் கொண்டிருப்பின், அடுத்த திருவிழா வரை காத்திருத்தல் வேண்டா. இவ்வாரமே சுகாதார நிலையத்திற்குச் செல்க. ஏற்கெனவே திட்டம் எழுதப்பட்ட குழந்தையின் பெற்றோர், அதன் நகல் வீட்டில் உள்ளதா என்று இன்றிரவே தேடிப் பார்க்க. இல்லையெனில், திங்கட்கிழமை காலையில் பள்ளி வாயிலில் ஆசிரியரைக் கண்டு, ஒரு புன்னகையோடு அதைக் கேட்டுப் பெறுக. அத்தாளில் உள்ள முதல் இலக்கைக் குடும்பத்தார் அனைவரும் படித்தறிக.

எல்லாக் குழந்தைகளும் கல்வியும் நலமும் பெற்று வாழ இறையருள் துணைநிற்பதாக.